பிளைவுட்டை சிஎன்சியில் வெட்டக் கொடுப்பதற்கு முன்: கோட்டுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம்?

சிஎன்சி ரௌட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்லும் பாதையில் பலகையை வெட்டும் மெஷின், வைத்திருக்கும் கடைக்கு முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு படத்தோடு போவார்கள். பென்டிரைவில் ஒரு டிஎக்ஸ்எஃப் வரைபடக் கோப்பு, இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப். அளவெல்லாம் சரியாகத்தான் போட்டிருப்பார்கள். ஆனால் கடைக்காரர் கேட்கும் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்காது. எத்தனை எம்எம் பிட் (சுழன்று வெட்டும் அலகு)? எது முழுக்க வெட்டணும், எது பாதி ஆழம்? ஷீட்டை அளந்து பார்த்தீர்களா? இந்த மூன்றையும் வரையத் தொடங்கும் முன்பே யோசித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. யோசிக்காவிட்டால், அழகாக வரைந்த டிசைனும் ஒன்றோடொன்று சேராத பலகைத் துண்டுகளாகத்தான் திரும்பி வரும்.

பேச வசதியாக ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 18 எம்எம் பிளைவுட்டில் ஒரு புத்தக அலமாரி. இரண்டு பக்கப் பலகைகள், நாலு தட்டுகள். ஆணி, ஸ்க்ரூ எதுவும் கிடையாது. ஒவ்வொரு தட்டின் இரண்டு முனையிலும் 100 எம்எம் அகலத்துக்கு ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அது பக்கப் பலகையில் உள்ள செவ்வகத் துளைக்குள் நுழைந்து இறுகி நிற்கும். 2011-இல் லண்டனில் தொடங்கிய விக்கிஹவுஸ் திட்டம் இதே முறையில், சிஎன்சியில் வெட்டிய பிளைவுட் துண்டுகளைக் கோத்து முழு வீடே கட்டுவதற்கான வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், நமக்கு அலமாரி போதும்.

முதலில் மெஷின். மேலே நின்று சுழலும் ஒரு பிட், அதை இடம் வலமாகவும் முன்னும் பின்னும் மேலும் கீழும் நகர்த்தும் சட்டம், கீழே ஷீட்டைப் படுக்கவைக்கும் மேசை, இவ்வளவுதான். பட்டறைகளில் அதிகம் பார்க்கக் கிடைப்பது 1325 என்று சொல்லப்படும் வகை. 1300க்கு 2500 எம்எம் பரப்பு உள்ளது, அதனால் எட்டுக்கு நாலு ஷீட், அதாவது 2440க்கு 1220 எம்எம், அப்படியே அதில் படுக்கும். பிட் நிமிடத்துக்கு 24,000 சுற்று வரை சுற்றும். 6 எம்எம் பிட் போட்டிருந்தால் அது போன வழியெல்லாம் 6 எம்எம் அகலத்துக்கு மரம் தூளாகிவிடும். லேசரில் வெட்டிப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள், ஏனென்றால் அங்கே கோட்டின் அகலம் கிட்டத்தட்ட மறந்துவிடக்கூடிய அளவு. இங்கே மறக்கவே முடியாது.

நம் அலமாரியை வைத்தே பார்க்கலாம். பிட்டின் நடுப்புள்ளி நீங்கள் வரைந்த கோட்டின் மேலேயே போனால், கோட்டுக்கு இந்தப் பக்கம் 3 எம்எம், அந்தப் பக்கம் 3 எம்எம் போய்விடும். 100 எம்எம் நாக்கு 94 ஆகச் சுருங்கும். 100 எம்எம் துளை 106 ஆக விரியும். இரண்டையும் சேர்த்தால் 12 எம்எம் ஆட்டம். அதனால் வெளிவிளிம்பை வெட்டும்போது பிட் கோட்டுக்கு வெளியே ஓட வேண்டும், துளையை வெட்டும்போது கோட்டுக்கு உள்ளே ஓட வேண்டும். இதைச் செய்வது கேம் மென்பொருள். உங்கள் கோடுகளை எடுத்து, எந்தப் பிட், கோட்டுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று கேட்டு, பிட் நகர வேண்டிய பாதையைக் கணக்குப் போட்டு, மெஷினுக்குப் புரியும் ஜி-கோடாக எழுதித் தரும். விகார்வ், ஃப்யூஷன், இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட் எல்லாம் இந்த வேலையைச் செய்யும். இதே வேலையைச் செய்த ஆர்ட்கேமை ஆட்டோடெஸ்க் 2018-இலேயே நிறுத்திவிட்டாலும் பட்டறைகளில் அந்தப் பெயர் இன்னும் அடிபடும்.

இதில் நான் உறுதியாகச் சொல்வது ஒன்று: பிட்டின் அகலத்தை நீங்களே கணக்குப் பண்ணி, கோட்டை 3 எம்எம் தள்ளி வரையாதீர்கள். பலகை முடிவில் என்ன அளவில் இருக்க வேண்டுமோ அதே அளவில் வரையுங்கள். நீங்கள் 6 எம்எம்முக்குத் தள்ளி வரைந்து, கடையில் அன்றைக்கு 8 எம்எம் பிட் மாட்டியிருந்தால் எல்லா அளவும் போச்சு. மென்பொருளும் தன் பங்குக்குத் தள்ளினால் இரண்டு முறை தள்ளியதாகிவிடும்.

அடுத்தது தடிமன். இதைத்தான் எல்லாரும் சாதாரணமாக நினைக்கிறார்கள், ஆனால் துளையும் நாக்கும் சேருமா சேராதா என்பதை முடிவு செய்வதே இதுதான். கடையில் 18 எம்எம் என்று விற்கும் பிளைவுட் பெரும்பாலும் 18 இருக்காது. 17.5 இருக்கலாம், 17.2 இருக்கலாம், ஒரே ஷீட்டின் ஒரு ஓரம் 17.3 ஆகவும் இன்னொரு ஓரம் 17.8 ஆகவும் இருக்கலாம். மெல்லிய மரத்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பசை போட்டு, சூட்டில் அழுத்திச் செய்வதுதானே பிளைவுட். அழுத்தத்திலும், பிறகு மேற்பரப்பைத் தேய்த்துச் சமமாக்கும்போதும் தடிமன் மாறத்தான் செய்யும். கொஞ்சம் ஈரம் பட்டாலும் மாறும். ஐஎஸ் 303, ஐஎஸ் 710 என்று ஷீட்டின் மேல் ஐஎஸ்ஐ முத்திரை இருப்பது பசையின் தரத்தையும் தண்ணீரைத் தாங்குவதையும் பற்றி நல்ல தகவல்தான், ஆனால் அதைப் பார்த்துவிட்டு 18 என்று வரைந்துவிடக் கூடாது. கேலிபிரேட்டட் பிளை என்று கேட்டு வாங்கினால் தடிமன் ஓரளவு ஒரே சீராக இருக்கும், விலை கூடினாலும் இந்த மாதிரி கோர்வை வேலைக்கு அது நியாயமான செலவு. எப்படியிருந்தாலும் ஷீட்டை முதலில் வாங்குங்கள். வெர்னியர் அளவுகோல் எடுத்து நாலு மூலையிலும், நீளப் பக்கங்களின் நடுவிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் வரையுங்கள்.

மைக்கா ஒட்டப் போகிறீர்களா? அப்படியென்றால் இந்தக் கணக்கு மாறும். வழக்கமான மைக்கா 1 எம்எம். இரண்டு பக்கமும் ஒட்டினால் 2 எம்எம், பசையும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். வெட்டிய பிறகு மைக்கா ஒட்டினால் 17.5க்கு என்று வெட்டிய துளைக்குள் 19.5 தட்டு எப்படி நுழையும்? ஒன்று, ஒட்டியதற்கு அப்புறம் அளந்து வெட்டக் கொடுங்கள், அல்லது நாக்கின் மேல் மட்டும் மைக்கா வராதபடி திட்டமிடுங்கள். பெயிண்ட் அடிப்பதற்கும் இதே யோசனை வேண்டும், அளவு சிறிதுதான் என்றாலும் இறுக்கமான கோர்வையில் அது போதும் மாட்டிக்கொள்ள.

சரி, தட்டு 17.5 என்று வைத்துக்கொள்வோம். துளையும் 17.5 இருந்தால் நுழையுமா? சுத்தியலால் அடித்தால் நுழையலாம், அடிக்கும்போது மேல்தாள் பிய்ந்து வரலாம். அதனால் துளையை 0.1-இலிருந்து 0.2 எம்எம் வரை கூட்டிப் போடுவார்கள், 17.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான எண் மெஷினையும், பிட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும், நீங்கள் ஃபெவிகால் போடுவீர்களா என்பதையும் பொறுத்தது, ஆகவே யாரோ சொன்ன எண்ணை நம்புவதைவிட ஒரு சோதனைத் துண்டு வெட்டிப் பார்ப்பது நல்லது. அதே ஷீட்டின் ஓரத்தில் 17.4, 17.5, 17.6, 17.7, 17.8 என்று வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள் வெட்டச் சொல்லி, தட்டின் துண்டு ஒன்றை ஒவ்வொன்றிலும் நுழைத்துப் பாருங்கள். கையால் அழுத்தினால் நுழைந்து, விட்டால் விழாமல் நிற்பது எதுவோ அதுதான் உங்கள் எண். ஃப்யூஷன், ஃப்ரீகேட் போன்றவற்றில் தடிமனை ஒரு மாறியாக வைத்து வரையும் வசதி உண்டு. அப்படி வரைந்துவிட்டால் நாளைக்கு வேறு ஷீட் வந்தாலும் ஒரு எண்ணை மாற்றினால் எல்லாத் துளைகளும் தானாக மாறிக்கொள்ளும். இதைக் கற்றுக்கொள்ள ஒரு நாள் போனாலும் பரவாயில்லை.

இப்போது மூலைகள். ஒரு ரூபாய்க் காசை அட்டைப் பெட்டியின் மூலைக்குள் தள்ளிப் பாருங்கள், எவ்வளவு தள்ளினாலும் மூலையின் முனையைத் தொடாது. வட்டமான பிட்டுக்கும் அதே கதிதான். நீங்கள் திரையில் கூர்மையான செவ்வகம் வரைந்திருப்பீர்கள், வெட்டி வரும் துளையின் நாலு உள்மூலையிலும் 3 எம்எம் ஆரத்தில் வளைவு மிச்சம் இருக்கும். தட்டின் நாக்கோ கூரான மூலையோடு வரும், ஏனென்றால் வெளிமூலையைச் சுற்றிப் போக பிட்டுக்கு எந்தத் தடையும் இல்லை. கூர்மூலை வளைவில் முட்டி நின்றுவிடும். உளி எடுத்து ஒவ்வொரு மூலையையும் செதுக்கலாம், எட்டுத் துளை என்றால் 32 மூலை. பொறுமை உள்ளவர்கள் செய்கிறார்கள், பார்க்கவும் அதுதான் அழகு.

செதுக்க வேண்டாம் என்றால், மூலையில் பிட் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போகும்படி டிசைனிலேயே வழி செய்துவிடலாம். இதை டாக்போன் என்பார்கள். மூலைவிட்டத் திசையில் ஒரு சின்ன வட்டம், அதன் விளிம்பு சரியாக மூலையின் முனையைத் தொடும்படி. 6 எம்எம் பிட் என்றால் வட்டத்தின் மையம் மூலையிலிருந்து இரண்டு பக்கமும் 2.12 எம்எம் உள்ளே இருக்க வேண்டும். வட்டத்தின் விட்டத்தை மட்டும் 6 என்று போடாமல் 6.2 போலக் கொஞ்சம் கூட்டி வரையுங்கள், இல்லையென்றால் சில மென்பொருள்கள் இந்தப் பிட் இந்த வட்டத்துக்குள் நுழையாது என்று அதை விட்டுவிடும். இன்னொரு வகை டி-போன். அதில் வட்டம் மூலைவிட்டமாகப் போகாமல் ஒரே பக்கமாகத் தள்ளி நிற்கும். நம் அலமாரிக்கு எனக்குப் பிடித்தது அதுதான். துளையின் நீளவாக்கில், இரு முனைகளிலும் தள்ளிவிட்டால், நாக்குக்கு இரு பக்கமும் உள்ள தட்டின் தோள்பகுதி வந்து பக்கப் பலகையில் உட்காரும்போது உள்பக்கம் அந்த ஓட்டைகள் மறைந்துவிடும். வெளிப்பக்கம் தெரியும்தான். அதிகம் தெரியக் கூடாது என்றால் சின்ன பிட், தெரியவே கூடாது என்றால் உளி.

பிட் அளவு இன்னொன்றையும் முடிவு செய்கிறது. 6 எம்எம் பிட்டால் 5 எம்எம் ஓட்டை போட முடியாது. கேட்டால் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் தட்டு தாங்கும் பின்னுக்கு வரும் ஓட்டை 5 எம்எம் என்பதால் டிசைனில் அது அடிக்கடி வந்து உட்கார்ந்திருக்கும். அதற்குத் தனியாக 3 எம்எம் பிட் மாட்ட வேண்டும், அல்லது மெஷினில் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு கையால் ட்ரில் போட வேண்டும்.

ஆழம் பற்றிய தகவல் டிஎக்ஸ்எஃப் கோட்டில் தானாக வராது. அது வெறும் தட்டையான படம். அதனால் ஒவ்வொரு வகை வெட்டுக்கும் ஒரு லேயர் (படத்தில் ஒரு தனி அடுக்கு), ஒரு நிறம், லேயர் பெயரிலேயே ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிவிளிம்பு முழு வெட்டு ஒரு லேயர், உள்ளே வரும் துளைகள் முழு வெட்டு இன்னொரு லேயர், கதவு வைத்தால் கீல் உட்காரும் 35 எம்எம் குழி, 12 எம்எம் ஆழம், அது மூன்றாவது லேயர். அளவு அம்புகள், எழுத்துகள், விளக்கக் குறிப்புகள் எல்லாம் வெட்டக்கூடாத ஒரு தனி லேயரில் போகட்டும். இல்லையென்றால் பலகையின் நடுவில் 300 என்று செதுக்கி வரும்.

கோடுகளின் சுத்தமும் முக்கியம். ஒவ்வொரு வடிவமும் மூடியதாக இருக்க வேண்டும். தொடக்கப்புள்ளியும் முடிவுப்புள்ளியும் கண்ணுக்குத் தெரியாத அளவு விலகியிருந்தாலும் கேம் மென்பொருளுக்கு எது உள்ளே எது வெளியே என்று தெரியாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரட்டைக் கோடு விழுந்திருந்தால் மெஷின் ஒரே இடத்தை இரண்டு முறை வெட்டும். எழுத்து செதுக்க வேண்டுமானால் ஃபான்டைக் கோடாக மாற்றிவிடுங்கள், தமிழ் ஃபான்ட் என்றால் கட்டாயம், ஏனென்றால் கடைக்காரர் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

யூனிட் குழப்பம் தனிக் கதை. டிஎக்ஸ்எஃப் 1982-இல் ஆட்டோகேடோடு வந்த பழைய வடிவம், பல சமயம் எண் மட்டும் போகும், அது எம்எம்மா இன்ச்சா என்பது போகாது. 100 என்று நீங்கள் வரைந்தது 2540 எம்எம் ஆகத் திறக்கும், அல்லது 4 எம்எம்முக்கும் குறைவாகச் சுருங்கி ஒரு புள்ளிபோல் இருக்கும். இதெல்லாம் பார்த்தவுடன் தெரிந்துவிடும். தெரியாமல் ஏமாற்றுவது இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளின் பழைய கோப்புகள். 2017-இல் வந்த 0.92 பதிப்பில் இன்ச்சுக்கு 90 புள்ளி என்றிருந்ததை 96 என்று மாற்றினார்கள், அதனால் பழைய எஸ்விஜி கோப்பைப் புதிதில் திறந்தால் 100 எம்எம் 93.75 ஆகிவிடக்கூடும். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். இதற்கு எளிய காவல், படத்தின் ஓரத்தில் வெட்டக்கூடாத லேயரில் 100க்கு 100 எம்எம் சதுரம் ஒன்று வரைந்துவிடுவது. கடையில் கோப்பைத் திறந்ததும் அந்தச் சதுரத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

துண்டுகளை ஷீட்டில் அடுக்கும்போது மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டு நெருக்கி அடுக்காதீர்கள். 6 எம்எம் பிட்டுக்கு இரண்டு துண்டுகளுக்கு நடுவே 12 எம்எம் விட்டால் நிம்மதி. ஷீட்டின் நாலு ஓரமும் 15 எம்எம் விடுங்கள், அடிபட்ட ஓரங்களும் க்ளாம்ப் பிடிக்கும் இடங்களும் அங்கேதான். அப்புறம் மர ரேகையின் திசை. பெரும்பாலான ஷீட்டுகளில் மேல்தாளின் ரேகை எட்டடிப் பக்கமாக ஓடும். அலமாரித் தட்டின் நீளமும் அதே திசையில் இருந்தால் புத்தகப் பாரத்துக்குத் தட்டு குறைவாகத் தொய்யும். தானாக அடுக்கித் தரும் மென்பொருளில் துண்டுகளைத் திருப்பலாம் என்ற அனுமதியை விட்டுவைத்தால் அது இடம் பார்த்துத் தட்டைக் குறுக்கே போட்டுவிடும், கவனம்.

முழுசாக வெட்டிவிட்ட துண்டை யார் பிடித்துக்கொள்வது? காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் வேக்யூம் மேசை பெரிய பலகையை நன்றாகப் பிடிக்கும், சின்னத் துண்டுகளை விட்டுவிடும். கடைசிச் சுற்றில் துண்டு நகர்ந்தால் பிட் அதைக் கடித்து இழுத்து எறியும். துண்டும் போகும், பிட்டும் உடையும், பக்கத்தில் நிற்பவர் மேலும் படலாம். அதனால் டேப் விடுவார்கள், அதாவது விளிம்பில் சில இடங்களில் மட்டும் அடியில் கொஞ்சம் வெட்டாமல் விட்டு, துண்டு ஷீட்டோடு ஒட்டியே நிற்கும்படி. 18 எம்எம் பிளைவுட்டுக்கு 8 எம்எம் அகலம், 3 எம்எம் உயரம் நல்ல தொடக்கம். நேரான விளிம்புகளில் வையுங்கள். மூலையில் வேண்டாம், நாக்கின் மேல் வேண்டவே வேண்டாம். எடுக்கும்போது கையால் முறிக்காதீர்கள், அடித்தாள் சிராய் சிராயாகப் பிய்ந்து வரும். மெல்லிய ரம்பத்தால் அறுத்து உப்புத்தாள் போடுங்கள். ஷீட்டை மேசையில் ஸ்க்ரூ போட்டுப் பிடிப்பதானால் அந்த ஸ்க்ரூ இடங்களையும் படத்திலேயே குறித்து, பாதை அங்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிட் வகையைக் கடைக்காரரே தேர்ந்தெடுப்பார், ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. தூளை மேலே இழுக்கும் அப்கட் பிட் மேல்தாளில் பிசிறு விடும். கீழே தள்ளும் டவுன்கட் பிட் மேலே சுத்தமாக வெட்டும், தூள் பள்ளத்திலேயே அடைந்துகொள்ளும். இரண்டும் கலந்த கம்ப்ரஷன் பிட், மேலேயும் கீழேயும் விளிம்பை உள்நோக்கி அழுத்துவதால் பிளைவுட்டுக்கு மிகவும் ஏற்றது. ஒரு நிபந்தனை: அதன் நுனியில் சில எம்எம் நீளத்துக்கு அப்கட் பகுதி இருக்கும், முதல் வெட்டின் ஆழம் அதைத் தாண்டினால்தான் பலன். ஜாக்கிரதையாக 3 எம்எம் 3 எம்எம்மாக இறங்கினால் விலை கொடுத்து வாங்கியும் பிசிறுதான் வரும்.

வேகத்துக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. சுற்று வேகம், பிட்டின் பல் எண்ணிக்கை, ஒரு பல் ஒரு சுற்றில் சீவும் அளவு, மூன்றையும் பெருக்க வேண்டும். 18,000 சுற்று, 2 பல், 0.1 எம்எம் என்றால் நிமிடத்துக்கு 3,600 எம்எம். புதியவர்கள் பயத்தில் மெதுவாக ஓட்டுவார்கள். மெதுவாகப் போனால் பிட் சீவாமல் ஒரே இடத்தில் உரசி, சூடேறி, விளிம்பு கருகும், பிட்டும் மழுங்கும். வெளியே வருவது மாவு மாதிரித் தூளாக இல்லாமல் சின்னச் சீவலாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வெட்டும் வரிசையில் குழிகளும் உள்துளைகளும் முதலில், வெளிவிளிம்பு கடைசியில். விளிம்பை முதலில் வெட்டிவிட்டால் ஆடும் துண்டில் துளை போட வேண்டிவரும், துளை இடம் தவறும். ஆழத்தை எங்கிருந்து அளப்பது என்பதையும் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். முழு வெட்டுக்கு மேசைப் பரப்பைப் பூஜ்யமாக வைத்தால், ஷீட் தடிமன் இடத்துக்கு இடம் மாறினாலும் பிட் ஷீட்டுக்குக் கீழே இருக்கும் அடிப்பலகைக்குள் 0.3 எம்எம் மட்டும் இறங்கிச் சுத்தமாக வெட்டிவிடும். கீல் குழிக்கு மேற்பரப்பைப் பூஜ்யமாக வைப்பதே சரி, அங்கே மேலிருந்து எவ்வளவு ஆழம் என்பதுதான் கணக்கு.

கோப்பை அனுப்பும்போது கூடவே நாலு வரி எழுதி அனுப்புங்கள். யூனிட் எம்எம், சரிபார்க்கும் சதுரம் 100, அளந்த தடிமன் 17.5, டாக்போன் 6 எம்எம் பிட்டுக்கு வரைந்தது, எந்த நிறம் எவ்வளவு ஆழம், ரேகை எந்தத் திசை, எத்தனை ஷீட். கடையில் கேமில் பாதை போட்டதும் திரையில் அந்தப் பாதையை ஓட்டிக் காட்டச் சொல்லி, நாக்குக்கு வெளியேயும் துளைக்கு உள்ளேயும் பிட் போகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, சோதனைத் துண்டை முதலில் வெட்டச் சொல்லுங்கள். அதில் தட்டு சரியாக நுழைந்தால் முழு ஷீட்டை ஓட்டலாம்.